எஸ்.ஆர். சங்கரன்: நினைவுநாளில் எதைப் பேசலாம்?

கேள்வி: அக்டோபர் 7 ஐ.ஏ.எஸ். அதிகாரி எஸ்.ஆர். சங்கரன் நினைவுநாள். எங்கள் மாவட்டத்தில் சின்னதாக ஒரு கூட்டம் நடத்தப் போகிறோம். வருகிறவர்களில் பாதிப்பேர் போட்டித்தேர்வுக்குப் படிப்பவர்கள். அவர் எளிமையானவர், திருமணம் செய்துகொள்ளாதவர், பத்ம பூஷணை வேண்டாம் என்றவர் என்பதற்கு மேல் எங்களுக்கு அதிகம் தெரியாது. கொத்தடிமை ஒழிப்பில் அவர் உண்மையில் என்ன செய்தார்? அதை இன்றைய பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்வது?

பதில்:

நீங்கள் சொன்ன மூன்றும் உண்மைதான். 2005-இல் பத்ம பூஷண் அறிவிக்கப்பட்டபோது மறுத்தார். சம்பளமும் ஓய்வூதியமும் பெரும்பாலும் தலித் பிள்ளைகளின் படிப்புக்கே போயின. ஆனால் கூட்டத்தை இதோடு முடித்தால் வந்தவர்கள் ஒரு கும்பிடு போட்டுவிட்டுக் கிளம்பிவிடுவார்கள். எளிமையைப் புகழ்வது யாருக்கும் செலவில்லாத காரியம். இவ்வளவு நல்லவரை ஒரு முதலமைச்சருக்கு ஏன் பிடிக்காமல் போனது என்று கேளுங்கள், அங்கேதான் விஷயம் இருக்கிறது.

முதலில் வாழ்க்கைச் சுருக்கம். 1934 அக்டோபர் 22-இல் தமிழ்நாட்டில் பிறந்தவர். 1950-களின் பிற்பகுதியில் ஐ.ஏ.எஸ். பணிக்கு வந்து ஆந்திரப் பிரதேசத்துக்குப் போனார். நெல்லூர் ஆட்சியராக இருந்தார். 1970-களின் தொடக்கத்தில் டெல்லியில், எஃகு, சுரங்கத் துறை அமைச்சர் மோகன் குமாரமங்கலத்தின் தனி உதவியாளர். நிலக்கரிச் சுரங்கங்கள் நாட்டுடைமையான காலம் அது. 1971 அக்டோபரில் கோக்கிங் (எஃகு உருக்கப் பயன்படும்) நிலக்கரிச் சுரங்கங்கள், 1973 ஜனவரி இறுதியில் மற்றவை. இரண்டு முறையும் அவசரச் சட்டம் வந்த கையோடு நிர்வாகம் கைமாறியது. அந்த வேலையில் கூடவே இருந்தவர் சங்கரன். 1973 மே மாத விமான விபத்தில் குமாரமங்கலம் இறந்தபின் ஆந்திராவுக்குத் திரும்பி, சமூகநலத் துறைச் செயலரானார். அந்தக் காலத்தில் அதிகாரிகள் தண்டனைப் பதவியாக நினைத்த துறை அது.

அவர் அந்த நாற்காலியில் இருந்தபோதுதான் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் வந்தது. நெருக்கடி நிலை அறிவித்த கையோடு, 1975 ஜூலை 1-இல் இந்திரா காந்தி வெளியிட்ட 20 அம்சத் திட்டத்தில் கொத்தடிமை ஒழிப்பு ஓர் அம்சம். அக்டோபரில் அவசரச் சட்டம் வந்தது. 1976 பிப்ரவரியில் நாடாளுமன்றச் சட்டமாகி, 1975 அக்டோபர் 25 முதலே நடப்பில் உள்ளதாகக் கொள்ளப்பட்டது. பல மாநிலங்கள் ‘எங்களிடம் கொத்தடிமை யாரும் இல்லை’ என்று எழுதி அனுப்பிவிட்டுக் கோப்பை மூடின. நெருக்கடி நிலையில் பிறந்த சட்டம் என்பதால் அதைக் கையில் எடுக்கக் கூசியவர்களும் உண்டு. சங்கரனுக்கு அந்தக் கூச்சம் இருக்கவில்லை. எந்த அரசு எந்த நோக்கத்தில் போட்டிருந்தாலும், ஏழைக்குச் சாதகமாக ஒரு பிரிவு இருந்தால் அதைக் கடைசி எழுத்துவரை பயன்படுத்துவது அவர் வழக்கம்.

தெலங்கானாவில் ஜீதம் என்றும், கடலோர ஆந்திராவில் பாலேரு என்றும் சொன்ன பண்ணையாள் முறை நம் தஞ்சைப் பக்கத்துப் படியாள் முறைக்கு ஒன்றுவிட்ட உறவு. கல்யாணத்துக்கோ வைத்தியத்துக்கோ வாங்கிய சில நூறு ரூபாய்க் கடன். அதற்கு ஈடாக ஆண்டு முழுக்க நிலக்கிழார் வீட்டில் வேலை. வர முடியாத நாளெல்லாம் கடன் கணக்கில் ஏறும். கூலியாகக் கிடைக்கும் தானியம் வயிற்றுக்கே போதாது, எனவே ஆண்டு முடிவில் கடன் குறைந்திருக்காது, கூடியிருக்கும். அப்பனால் முடியாமல் போனால் மகன் மாடு மேய்க்கப் போவான். பள்ளியில் பெயர் இருக்கும், பையன் தொழுவத்தில் இருப்பான்.

இந்த இடத்தில் சட்டத்தின் பிரிவுகளைக் கூட்டத்தில் வாசித்துக் காட்டுங்கள். படிக்கிற பிள்ளைகளுக்கு இது பாடமும்கூட. 4-ஆவது பிரிவின்படி கொத்தடிமை முறை அந்த நாளோடு ஒழிந்தது, அதில் இருந்த ஒவ்வொருவரும் விடுதலை ஆனார்கள். அரசு விடுவித்தால்தான் விடுதலை என்றில்லை, அதிகாரி செய்வது ஏற்கெனவே நடந்த விடுதலையை அறிவிப்பது மட்டுமே. 6-ஆவது பிரிவின்படி கடன் அழிந்தது. அந்தக் கடனைத் திரும்பக் கேட்டு எந்த நீதிமன்றமும் வழக்கு எடுக்காது. 8-ஆவது பிரிவு, வேலைக்கு ஈடாகக் கொடுத்த குடிசையிலிருந்து அவரை வெளியேற்றக் கூடாது என்கிறது. 9-ஆவது பிரிவின்படி, அழிந்த கடனுக்குப் பணம் வாங்கினால் வாங்கியவருக்கு 3 ஆண்டுவரை சிறை. 15-ஆவது பிரிவுதான் எல்லாவற்றையும் தூக்கி நிறுத்துவது: இது கொத்தடிமைக் கடன் இல்லை என்று நிரூபிக்க வேண்டிய பொறுப்பு கடன் கொடுத்தவருடையது.

10-ஆவது பிரிவு மாவட்ட ஆட்சியருக்கு அதிகாரம் தருகிறது. 13-ஆவது பிரிவு மாவட்டத்திலும் கோட்டத்திலும் கண்காணிப்புக் குழு வேண்டும் என்கிறது. மாவட்டக் குழுவில் ஆட்சியரோ அவர் நியமிப்பவரோ தலைவர், பட்டியல் சாதி அல்லது பழங்குடியைச் சேர்ந்த அந்த மாவட்டத்தவர் 3 பேர், சமூகப் பணியாளர் 2 பேர், ஊரக வளர்ச்சி அமைப்புகளிலிருந்து அதிகபட்சம் 3 பேர், வங்கி அல்லது கடன் நிறுவனப் பிரதிநிதி ஒருவர். வங்கிக்காரர் எதற்கு என்று பலரும் கேட்பார்கள். நிலக்கிழாரின் கடனை அழித்தால், அடுத்த மாதம் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் அந்தக் குடும்பத்துக்கு 500 ரூபாய் யார் கொடுப்பார்? அதற்கு விடை இல்லையென்றால் விடுதலை ஆனவர் அதே வாசலில் போய் நிற்பார். சட்டத்தை எழுதியவர்கள் இதை யோசித்திருந்தார்கள். நடைமுறையில் இந்தக் குழுக்களில் அதிகம் காலியாகக் கிடப்பது இந்த நாற்காலிதான்.

சங்கரன் செய்தது இந்தச் சட்டத்தை ஊருக்குக் கொண்டுபோனது. அதிகாரிகளை ஊருக்குப் போகச் சொன்னார், தானும் போனார். கடன் தீர்ந்துவிட்டது, இனி அங்கே போக வேண்டியதில்லை என்று ஜீதக்காரரிடமே நேராகச் சொல்ல வைத்தார். ஒரு அரசுச் செயலர் கிராமத்தில் நின்று இதைச் சொன்னால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். மறுநாள் காலையில் மாடு அவிழ்க்க ஆள் வராது. 1978-இல் முதலமைச்சரான மர்ரி சென்னா ரெட்டியிடம் புகார்கள் குவிந்தன. அவருக்கும் சங்கரனின் வேகம் பிடிக்கவில்லை. இருவருக்கும் ஒத்துவராமல், சங்கரன் விடுப்பில் போனார். திரிபுராவின் இடது முன்னணி முதலமைச்சர் நிருபேன் சக்ரவர்த்தி அவரைத் தலைமைச் செயலராக அழைத்துக்கொண்டார். ஏறக்குறைய ஆறாண்டு அங்கே. பழங்குடிப் பகுதிகளுக்குத் தன்னாட்சி மாவட்டக் குழு அமைந்த காலமும் அதுவே. முதலமைச்சரும் தனிக்கட்டை, தலைமைச் செயலரும் தனிக்கட்டை. அகர்தலாவில் இன்றும் சொல்கிற கதைகள் பல உண்டு. அவற்றைக் கூட்டத்தில் சொல்ல வேண்டுமா என்பது உங்கள் விருப்பம், நான் நேரத்தை வேறு இடத்தில் செலவழிப்பேன்.

1980-களின் நடுவில் மறுபடி ஆந்திராவின் சமூகநலத் துறைக்கு வந்தார். ஐதராபாத்தை ஒட்டிய இப்ராகிம்பட்டினம் வட்டாரத்தில் விவசாயக் கூலிகள் சங்கமாகத் திரண்டது அப்போதுதான். சமூகச் செயற்பாட்டாளர் கீதா ராமசாமி போன்றவர்கள் அங்கே வேலை செய்தார்கள். மனுவை எழுதுவது சங்கம். அந்த மனு கோட்ட அலுவலகத்தில் தூங்காமல் பார்த்துக்கொள்வது தலைமைச் செயலகத்தில் சங்கரன். என் கணிப்பில் அவருடைய பெரிய சாதனை இந்த ஏற்பாடு. நல்ல அதிகாரி ஒருவர் தனியாக ஊரை மாற்றிவிட முடியாது, அவர் மாற்றலாகிப் போன மறுநாள் எல்லாம் பழையபடி ஆகிவிடும். கீழே கேட்க ஆளிருந்தால்தான் மேலே போட்ட உத்தரவுக்கு உயிர் இருக்கும். இதை அவர் தெரிந்து வைத்திருந்தார்.

இனி, ‘இன்றைய பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்வது’ என்ற கேள்வி. அவர்களில் யாராவது நாளைக்கு வட்டாட்சியராகவோ கோட்டாட்சியராகவோ ஆவார்கள். அன்றைக்கு ஒரு செங்கல் சூளையில் போய் நிற்கும்போது என்ன செய்ய வேண்டும் என்று சொல்லிக்கொடுங்கள். சங்கரனை நினைப்பதற்கு அதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

சூளைக்குப் போய் ‘நீங்கள் கொத்தடிமையா?’ என்று கேட்டால் ‘இல்லை’ என்றுதான் பதில் வரும். மேஸ்திரி நாலடி தள்ளி நின்றால் அதுவும் வராது, தலையாட்டல் மட்டும். கேட்க வேண்டிய கேள்விகள் வேறு. முன்பணம் எவ்வளவு, யார் கொடுத்தார், யார் கையில் வாங்கினீர்கள்? வாரச் செலவுக்கு எவ்வளவு தருகிறார்கள்? கணக்கு நோட்டு யாரிடம் இருக்கிறது, நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? கடைசியாக ஊருக்கு எப்போது போனீர்கள்? குடும்பத்தோடு போனீர்களா, யாரையாவது இங்கே விட்டுவிட்டுப் போனீர்களா? சாவுக்குப் போக விட்டார்களா? பக்கத்துச் சூளையில் ஆயிரம் கல்லுக்கு 100 ரூபாய் கூடக் கொடுக்கிறார்கள் என்றால் நாளைக்கே அங்கே போக முடியுமா? கடைசி மூன்று கேள்விகளுக்கு வரும் பதிலே பெரும்பாலும் வழக்கை முடிவு செய்துவிடும். குறிப்பாக, ஊருக்குப் போகும்போது மனைவியையோ ஒரு பிள்ளையையோ பிணைபோல வைத்துக்கொள்வது மிகப் பரவலான வழக்கம்.

ஏன் இந்தக் கேள்விகள்? கொத்தடிமை முறை எது என்று சொல்லும் சட்டத்தின் 2(ஜி) விளக்கம் இரண்டு பாதிகளால் ஆனது. முதல் பாதி கடன் அல்லது முன்பணம், அல்லது பரம்பரைக் கடப்பாடு, அல்லது சாதியால் வந்த கடப்பாடு. இரண்டாம் பாதி அதனால் இழந்தது: ஒழுங்கான கூலி, வேறு வேலைக்குப் போகும் சுதந்திரம், நடமாடும் சுதந்திரம், தன் பொருளைச் சந்தை விலைக்கு விற்கும் உரிமை. நான்கில் ஒன்று போயிருந்தாலே போதும். சங்கிலியும் பூட்டும் தேடுகிற அதிகாரி வெறுங்கையோடு திரும்புவார். அடித்தார்களா என்று மட்டும் கேட்பவரும் அப்படியே.

முன்பணம் வாங்கியதற்கு எழுத்து எதுவும் இருக்காது. அதற்காக விட்டுவிடக் கூடாது. 1982-இல் ஆசிய விளையாட்டுக் கட்டுமானத் தொழிலாளர் வழக்கில், குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே வாங்கும் வேலை அரசியலமைப்பின் 23-ஆவது பிரிவு தடை செய்யும் கட்டாய உழைப்பே என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. 1983 டிசம்பரில், பந்துவா முக்தி மோர்ச்சா என்ற கொத்தடிமை விடுதலை அமைப்பின் வழக்கில், கட்டாய உழைப்பு இருப்பதாகக் காட்டினால் முன்பணம் இருந்ததாகவே ஊகிக்க வேண்டும், மறுப்பது முதலாளியின் வேலை என்றது.

எனவே கூலிக் கணக்கைப் போட வேண்டும். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். கணக்குக்காக ஒரு எடுத்துக்காட்டு: ஆயிரம் கல்லுக்கு 800 ரூபாய் என்று சூளைக்காரர் சொல்கிறார். கேட்க நன்றாக இருக்கிறது. ஒரு நாளில் 1,200 கல் அறுத்தால் 960 ரூபாய். ஆனால் அந்த 1,200 கல்லை அறுத்தது கணவன், மனைவி, 15 வயது மகன் என மூன்று பேர். ஆளுக்கு 320. அவர்கள் விடியற்காலை 2 மணிக்கு எழுந்து மண் மிதித்து, நடுவில் ஓய்வெடுத்து, மொத்தம் 14 மணி நேரம் வேலை செய்தார்கள். எட்டு மணி நேரத்துக்குக் கணக்கிட்டால் ஆளுக்கு 183 ரூபாய்கூட இல்லை. மழையில் கரைந்த கல்லுக்குக் கழித்ததையும், முன்பணத்துக்குப் பிடித்ததையும் இன்னும் சேர்க்கவில்லை. இந்தத் தொகையை அந்த ஆண்டின் குறைந்தபட்சக் கூலி அரசாணையோடு வைத்துப் பார்த்தால் விடை கிடைக்கும்.

மீட்புக்குப் போகும் நாளில் தவறுகள் வரிசையாக நடக்கும். முதல் தவறு, தகவல் முன்கூட்டியே கசிவது. போய்ச் சேரும்போது குடிசைகளில் அடுப்பு சூடாக இருக்கும், ஆள் இருக்காது. அடுத்தது, முதலாளி முன்னிலையில் வாக்குமூலம் வாங்குவது. தொழிலாளர்களை வண்டியில் ஏற்றி அலுவலகத்துக்குக் கொண்டுவந்து, சாப்பாடு போட்டு, ஒவ்வொருவரையும் தனித்தனியாகக் கேட்க வேண்டும். ஒடிசாவிலிருந்தோ பீகாரிலிருந்தோ வந்தவர்கள் என்றால் மொழிபெயர்க்க மேஸ்திரியைக் கூப்பிடுவதைப்போல அபத்தம் வேறில்லை, ஆனாலும் அது நடக்கிறது. கிளம்பும்போதே அவர்களுடைய பாத்திரம், துணி, ரேஷன் அட்டை, ஆதார், கோழி, ஆடு எல்லாவற்றையும் எடுத்துக்கொள்ள வேண்டும். ஆட்டுக்குட்டியை விட்டுவிட்டு வந்தால் அதற்காகவே அந்தக் குடும்பம் திரும்பிப் போகும், போனால் சமரசப் பத்திரத்தில் கைரேகை வைத்துவிட்டுத்தான் வெளியே வர முடியும். சூளையின் கணக்கு நோட்டை அன்றே கைப்பற்ற வேண்டும். மறுநாள் புது நோட்டு இருக்கும்.

பிறகு விடுவிப்புச் சான்றிதழ். ஒரே ஒரு தாள். பெயர், தகப்பனார் அல்லது கணவர் பெயர், ஊர், எங்கே எந்தக் காலத்தில் வேலை செய்தார், 1976-ஆம் ஆண்டுக் கொத்தடிமை ஒழிப்புச் சட்டப்படி விடுவிக்கப்பட்டார், அவர் கடன் அழிந்தது, புகைப்படம், கோட்டாட்சியரின் கையொப்பம், முத்திரை. இந்தத் தாள் இல்லாதவருக்கு எந்த மறுவாழ்வும் இல்லை. ‘மீட்கப்பட்ட தொழிலாளி’ என்று எழுதிச் சட்டத்தின் பெயரை விட்டுவிட்டால் அது வெற்றுத் தாள். இன்னொரு பெரிய தவறு: கணவர் பெயரில் ஒரே சான்றிதழ் போட்டு ‘உடன் மனைவி, 2 குழந்தைகள்’ என்று எழுதுவது. 2016-இல் வந்த மத்தியத் திட்டப்படி வயதுவந்த ஆணுக்கு 1 லட்சம், பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் 2 லட்சம், கடத்தல், பாலியல் சுரண்டல் போன்ற கொடுமைக்கு ஆளானவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகள், திருநர் போன்றோருக்கும் 3 லட்சம். தொகை ஆளுக்கு, குடும்பத்துக்கு இல்லை. மனைவியும் ஒரு மகனும் சூளையில் வேலை செய்திருந்தால், அந்த ஒற்றைச் சான்றிதழால் குடும்பம் இழப்பது 4 லட்சம். எழுத்தர் மிச்சம் பிடித்தது இரண்டு தாள்.

உடனடி உதவி 20,000 ரூபாயாக இருந்தது, பின்னர் 30,000 வரை என உயர்ந்தது. மாவட்டந்தோறும் குறைந்தது 10 லட்சம் ரூபாய் கொண்ட நிதி ஒன்று ஆட்சியரிடம் தயாராக இருக்க வேண்டும். இந்த நிதியைக் கொண்டு மீட்ட கையோடு பணம் கொடுக்க முடியும், டெல்லியைக் கேட்க வேண்டியதில்லை. முழுத்தொகைதான் சிக்கல். அது முதலாளிமேல் நடக்கும் சுருக்கமுறை விசாரணை (வழக்கை விரைந்து முடிக்கும் முறை) முடிவோடு இணைக்கப்பட்டிருக்கிறது. வழக்கு ஆண்டுக்கணக்கில் இழுக்கும், தொழிலாளி பிழைப்பு தேடி இடம் மாறிவிடுவார், சாட்சி இல்லை என்று வழக்கு விழும், தொகையும் வராது. தண்டனையும் அச்சமூட்டுவதாக இல்லை. அதிகபட்சம் 3 ஆண்டு சிறை, 2,000 ரூபாய் அபராதம், ஜாமீனில் வரக்கூடிய குற்றம். 1976-இல் போட்ட 2,000 இன்றும் 2,000. அதனால் விவரம் தெரிந்த அதிகாரி இந்தச் சட்டத்தோடு நிறுத்தமாட்டார். பாதிக்கப்பட்டவர் பட்டியல் சாதி அல்லது பழங்குடி, எதிரி அப்பிரிவுகளைச் சேராதவர் என்றால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3(1)(எச்) பிரிவைச் சேர்ப்பார். ஆள்கடத்தல் கூறு இருந்தால் பாரதிய நியாய சன்ஹிதா என்ற இன்றைய தண்டனைச் சட்டத்தின் 143-ஆவது பிரிவையும் சேர்ப்பார்.

விடுவிப்புக்கும் மறுவாழ்வுக்கும் நடுவில் விழும் இடைவெளிதான் இந்தச் சட்டத்தைக் கொல்வது. மத்திய அரசு 1978-இல் ஒரு குடும்பத்துக்கு 4,000 ரூபாய் என்று திட்டம் போட்டது, பாதி மாநிலத்தின் பங்கு. 1986-இல் 6,250, 1995-இல் 10,000, 2000-இல் 20,000 என்று உயர்ந்தது. பணம் உயர்ந்த வேகத்தில் அது போய்ச் சேரும் வேகம் உயரவில்லை. 1983-இல் ஃபரிதாபாத் கல்குவாரிகளிலிருந்து மீட்டு, அன்றைய மத்தியப் பிரதேசத்தின் பிலாஸ்பூர் மாவட்டத்துக்கு அனுப்பப்பட்டவர்கள் ஆறு மாதம் கழித்தும் பட்டினியின் விளிம்பில் இருந்ததைப் பத்திரிகையாளர் நீரஜா சௌத்ரி கண்டு உச்ச நீதிமன்றத்துக்கு எழுதினார். 1984-இல் வந்த தீர்ப்பு, மறுவாழ்வு இல்லாத விடுதலை மறுபடி அடிமைத்தனத்தில் கொண்டுபோய்த் தள்ளும் என்று கடுமையாகச் சொன்னது.

முதல் மூன்று மாதம்தான் ஆபத்து. அரிசி, தங்க இடம், கையில் கொஞ்சம் காசு. இந்த மூன்றில் ஒன்று இல்லையென்றாலும் மேஸ்திரி புது முன்பணத்தோடு வந்து நிற்பார். அதற்குள் ரேஷன் அட்டை, வங்கிக் கணக்கு, ஊரக வேலை அட்டை, வீட்டுமனைப் பட்டா ஆகியவற்றுக்கான வேலை தொடங்கியிருக்க வேண்டும். இருளர் குடும்பங்கள் என்றால் பழங்குடிச் சான்றிதழ்தான் முதல் முட்டுக்கட்டை. அதைத் தருவதும் கோட்டாட்சியர்தான், விடுவிப்புச் சான்றிதழில் கையெழுத்துப் போடுபவரும் அவர்தான். ஒரே மேசையில் முடிய வேண்டியதற்குக் குடும்பங்கள் ஆண்டுக்கணக்கில் நடக்கின்றன. வெளிமாநிலத்தவர் என்றால் சான்றிதழின் படி அவர்களுடைய சொந்த மாவட்ட ஆட்சியருக்குப் போய்ச் சேர்ந்ததா என்று தொலைபேசியில் கேட்டு உறுதி செய்ய வேண்டும். அங்கே பெயர் ஏறவில்லை என்றால் ரயிலேற்றி அனுப்பியதோடு எல்லாம் முடிந்தது.

தமிழ்நாட்டில் இதெல்லாம் இல்லை என்று யாராவது எழுந்து சொல்வார்கள். உச்ச நீதிமன்றம் நியமித்த ஆணையர்கள் 1990-களின் நடுவில் இந்த மாநிலத்தில் 10 லட்சத்துக்கும் மேற்பட்ட கொத்தடிமைகள் இருப்பதாக அறிக்கை தந்தார்கள், மாநில அரசு அந்த எண்ணிக்கையை ஏற்கவில்லை. எண்ணிக்கைச் சண்டைக்குள் போகாதீர்கள். கொத்தடிமையைக் கண்டுபிடிப்பது தன் மாவட்டத்துக்கு அவமானம் என்று நினைக்கும் ஆட்சியர் இருக்கும்வரை எந்தக் கணக்கெடுப்பும் பூஜ்யத்தை நோக்கித்தான் போகும். கண்டுபிடித்துக் கொடுப்பதைத் திறமையாகப் பார்த்தவர் சங்கரன். அவரிடம் பயின்ற இளம் அதிகாரிகளும் அப்படியே.

அவருடைய பிற்காலத்தைச் சுருக்கமாகச் சொன்னால் போதும். 1987 டிசம்பரில் கிழக்கு கோதாவரி மலைப்பகுதியில், குர்த்தேடு அருகே, மக்கள் யுத்தக் குழு என்ற நக்சலைட் அமைப்பினர் அவரையும் வேறு பல ஐ.ஏ.எஸ். அதிகாரிகளையும் கடத்தினார்கள். சிறையிலிருந்த தோழர்களை விடுவித்த பிறகே விட்டார்கள். அதன்பிறகும் பழங்குடிகளைப் பற்றிய அவர் பேச்சு மாறவில்லை. டெல்லியில் ஊரக வளர்ச்சித் துறைச் செயலராக இருந்து 1992-இல் ஓய்வு பெற்றார். 1997-இல் அக்கறையுள்ள குடிமக்கள் குழுவை ஒருங்கிணைத்து அரசையும் நக்சலைட்டுகளையும் பேச வைக்க ஏழாண்டு முயன்றார். 2004 அக்டோபரில் ஐதராபாத்தில் பேச்சு நடந்தது, பலன் நிலைக்கவில்லை. இரு தரப்பின் வன்முறையையும் ஒரே குரலில் கண்டித்ததால் இரு தரப்புக்கும் அவர்மேல் மனத்தாங்கல் இருந்தது. கையால் மலம் அள்ளுவதற்கு எதிரான சஃபாய் கர்மசாரி ஆந்தோலனுக்குக் கடைசிவரை துணை நின்றார். 2010 அக்டோபர் 7-இல் ஐதராபாத்தில் காலமானார்.

கூட்டத்துக்கு ஒரு யோசனை. மாலை போட்டுப் பேசுவதோடு, உங்கள் மாவட்டத்தின் நிலையையும் அன்றைக்கு வாசியுங்கள். 1976-ஆம் ஆண்டு விதிகளின் 7-ஆவது விதிப்படி ஒவ்வொரு கண்காணிப்புக் குழுவும் நான்கு பதிவேடுகள் வைத்திருக்க வேண்டும்: விடுவிக்கப்பட்டவர்களின் பெயர், முகவரி; அவர்களுடைய தொழில், வருமானம்; அவர்களுக்குக் கிடைத்த நிலம், பயிற்சி, கடன், வேலை உள்ளிட்ட பயன்கள்; சட்டப்படி நடந்த வழக்குகள். தகவல் உரிமைச் சட்டத்தில் ஆட்சியர் அலுவலகத்துக்கும் ஒவ்வொரு கோட்டாட்சியர் அலுவலகத்துக்கும் தனித்தனி மனு போடுங்கள். பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டினால் போதும். தனிநபர் பெயர்களைக் கேட்காதீர்கள், அதைச் சாக்கிட்டு மறுப்பார்கள். எண்ணிக்கையைக் கேளுங்கள். குழு கடைசியாகக் கூடிய தேதி, கூட்டக் குறிப்பின் நகல், குழுவில் காலியாக உள்ள இடங்கள், கடந்த ஐந்து நிதியாண்டுகளில் ஆண்டுவாரியாகக் கொடுத்த விடுவிப்புச் சான்றிதழ்கள், அவற்றில் ஆண், பெண், குழந்தை எத்தனை, உடனடி உதவி பெற்றவர் எத்தனை, முழுத்தொகை பெற்றவர் எத்தனை, மாவட்ட நிதியில் இன்று இருக்கும் இருப்பு. ‘ஏன்’ என்று தொடங்கும் கேள்வி ஒன்றும் வேண்டாம், அதற்குப் பதில் தரக் கடமையில்லை என்று திருப்பிவிடுவார்கள். பதில் தர அவர்களுக்கு 30 நாள் அவகாசம் உண்டு, அஞ்சலுக்கும் சில நாள் போகும். ஆகவே ஆகஸ்ட் கடைசி வாரத்துக்குள் மனுக்களை விரைவுத் தபாலில் அனுப்பிவிடுங்கள்.